பகா எண்: 2147483647-ஐ முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

'பிரைம் நம்பர்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பகா எண் என்றும் இலங்கைப் பாடநூல்களில் முதன்மை எண் என்றும் பெயர். குறிக்கும் பொருள் ஒன்றுதான். சொல் பிறந்த வழி வேறு.

கிரேக்கத்தில் யூக்ளிட் இதற்கு ஆண்ட சொல் 'புரோட்டோஸ்', அதாவது முதலாவது. மற்ற எண்களெல்லாம் இவற்றைப் பெருக்கித்தான் கிடைக்கின்றன. இலத்தீன் அதை 'பிரைமஸ்' ஆக்கியது. ஆங்கிலப் 'பிரைம்' அதன் வழி வந்தது. முதன்மை எண்ணும் இந்தப் பொருளைத் தழுவியதே.

பகா எண் அப்படியல்ல. பகாத எண் என்பதில் 'த' கெட்டுப் பகா எண் ஆயிற்று. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நன்னூல் சொல்லும் பகாப்பதத்தில் இருப்பதும் இதே பகா. 'உண்டான்' உண், ட், ஆன் எனப் பிரியும், அது பகுபதம். 'நிலம்' அப்படிப் பிரியாது, அது பகாப்பதம். எண்ணின் இயல்பையே பெயராகச் சொல்வதால் பகா எண்ணே பொருத்தமான சொல். சேர்த்துப் பகாவெண் என்றும் எழுதலாம். பகாத்தனி என்றும் வழங்குகிறது. ஓர் எச்சரிக்கை: 1-ம் பகாததுதானே என்று சொல்லை வைத்து முடிவுகட்டக் கூடாது. சரியாக இரண்டு வகுத்திகள் இருந்தால்தான் பகா எண். 1-க்கு இருப்பது ஒன்றே.

எதிர்மறைப் பெயர் என்பதால் இன்னொன்றும் உண்டு: பகாது என்று மெய்ப்பித்தாக வேண்டும். 2-இன் 31-ஆம் அடுக்கில் 1 குறைந்தது 2147483647. இதன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அதுவே கையால் செய்ய ஆயிரக்கணக்கான வகுத்தல். கணித மேதை ஆய்லர் அதைச் சுருக்கினார். இந்த எண்ணை ஒரு பகா எண் வகுத்தால், அந்த வகுத்தியை 62-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும்; 8-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7 வரவேண்டும். இரண்டையும் சேர்த்தால் 248-ஆல் வகுக்க மீதி 1 அல்லது 63 வரும் எண்கள் மட்டுமே நிற்கும். 46340-க்குள் அவை, 1 நீங்கலாக, 373. அவற்றிலும் 63 போன்ற பகு எண்களைத் தள்ளிவிடலாம். மிஞ்சிய எதுவும் வகுக்கவில்லை. 1772-இல் கணிதர் மூன்றாம் யோகான் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இதைத் தெரிவித்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அறியப்பட்ட பகா எண்களில் இதுவே பெரியதாக இருந்தது. இதை 2-இன் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128 என்ற நிறைவெண் கிடைக்கும்: தன்னை விட்டு மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை அதற்கே சமம்.

கணினியில் கூட்டல், கழித்தல் குறியோடு 32 இரும இலக்கங்களில் (பிட்) சேமிக்கப்படும் முழு எண்ணின் உச்சவரம்பும் இதே எண். அதனால் நிரலில் ஒரு பொறி இருக்கிறது. ஓர் எண்ணை (n) 2 முதல் ஒவ்வொரு i-ஆல் வகுத்துப் பார்க்க, ஜாவா நிரல்மொழியில் இன்ட் என்ற இந்த 32 பிட் வகையில் i*i <= n என்று சுழற்சி எழுதி 2147483647-ஐச் சோதித்தால், i 46341 ஆனதும் அதன் வர்க்கமான 2147488281 வரம்பை மீறி −2147479015 ஆகிவிடும். இன்ட் வகையில் எந்த மதிப்பும் இந்த n-ஐ விடப் பெரிதாக முடியாது. ஆகவே நிபந்தனை பொய்க்கவே பொய்க்காது. சுழற்சி i = n வரை ஓடி, n தன்னாலேயே வகுபடுவதைப் பார்த்துப் 'பகு எண்' என்று தவறாகச் சொல்லும். i <= n / i என்று எழுதினால் 46340-ஓடு நின்று சரியான விடை தரும்.