பெரிய பேட்டரியில் 82 சதவீதம், ஆனால் கதவு திறக்கவில்லை

போன செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே காலுக்கு போன். கோவை சாயிபாபா காலனியிலிருந்து ஒரு பெரியவர். "தம்பி, வண்டி செத்துப் போச்சுங்க. ரிமோட்டை அமுக்கினா ஒரு லைட்டுகூட எரிய மாட்டேங்குது. ஆனா சார்ஜ் 82 பர்சன்ட் இருக்குதுங்க, நானே பார்த்தேன்." சிங்கப்பூரில் மகள் வீட்டில் மூன்று வாரம் இருந்துவிட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பியிருக்கிறார். அன்று காலை எட்டு மணிக்கு அவர் மனைவிக்குக் கண்புரை ஆபரேஷன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அக்கம்பக்கத்தில் நாலு பேர் வண்டியைத் தள்ளிப் பார்த்துக் களைத்துவிட்டார்கள். சக்கரம் அசையவில்லை, ஏனென்றால் வண்டி பார்க்கிங்கில் பூட்டிக் கிடக்கிறது, அந்தப் பூட்டை விடுவிக்கவும் கரண்ட் வேண்டும். ஒருவர் கயிறு எடுத்து வந்து தன் காரில் கட்டத் தயாராக நின்றார், இழுத்தால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்று. நல்ல மனசுதான். ஆனால் நான் பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அந்த வண்டியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் சின்ன சாவியை உருவி, டிரைவர் கதவின் கைப்பிடியில் மூடிக்குப் பின்னால் இருக்கும் துளையில் போட்டுத் திறந்தேன். பானெட்டைத் தூக்கி, அங்கே இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியில் மீட்டரை வைத்தால் 9 வோல்ட்டுக்கும் கீழே. வெளியிலிருந்து கரண்ட் கொடுக்கும் பூஸ்டரை மாட்டி இரண்டு நிமிடத்தில் வண்டி எழுந்துவிட்டது. நேரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

இருபது வருடத்துக்கு மேல் ஆட்டோ எலெக்ட்ரீசியன் வேலை. 2020-இல் நம் ஊர் ரோட்டில் மின்சாரக் கார்கள் கண்ணில் பட ஆரம்பித்ததிலிருந்து அவற்றையும் பார்க்கிறேன். இந்த மாதிரி அழைப்பு எத்தனையாவது என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். எனக்குக் கோபம் அந்தப் பெரியவர் மேல் இல்லை. பதினைந்து லட்ச ரூபாய் வண்டியைக் கையில் கொடுக்கும்போது இரண்டு நிமிடம் நின்று இதைச் சொல்லாமல் விடுகிறார்களே, அவர்கள் மேல்தான்.

மின்சாரக் காரில் இரண்டு பேட்டரி இருக்கிறது. தயவுசெய்து இதை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வண்டியின் தரைக்கு அடியில் படுத்திருப்பது பெரியது, முந்நூறு நானூறு வோல்ட், அதுதான் வண்டியை ஓட்டுகிறது, திரையில் தெரியும் சதவீதம் அதனுடையது. பானெட்டுக்குள் பெட்ரோல் காரில் இருப்பதைப் போலவே சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கிறது. கதவுப் பூட்டு, ரிமோட், திரை, வைப்பர், வண்டிக்குள் இருக்கும் அத்தனை கம்ப்யூட்டரும் ஓடுவது இந்தச் சின்னதில்தான். அப்புறம், எல்லாரும் தவறவிடும் விஷயம்: வண்டியை அணைத்ததும் பெரிய பேட்டரி மற்ற பாகங்களிலிருந்து துண்டிக்கப்பட்டுவிடும். பாதுகாப்புக்காகத்தான். அதை மறுபடி இணைக்கும் கான்டாக்டர் என்ற கனமான சுவிட்சுகள் மூட வேண்டும் என்றால் 12 வோல்ட் வேண்டும். களஞ்சியம் நிறைய நெல் இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது. அதே நிலைமைதான். 82 இருந்தால் என்ன, 100 இருந்தால் என்ன.

"அப்போ சார்ஜரில் மாட்டினால் எழுந்துவிடுமே" என்பார்கள். எழாது. சுவரில் மாட்டினாலும், சார்ஜ் ஏற்றச் சொல்லி உத்தரவு கொடுக்கும் கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ள அதே 12 வோல்ட் வேண்டும். இந்தப் பெரியவர்கூட ராத்திரியே வண்டி சத்தமில்லாமல் கிடப்பதைப் பார்த்து, மருமகன் போனில் சொன்னபடி சார்ஜர் கன்னை வண்டியில் மாட்டிவிட்டு, விடிந்தால் சரியாகிவிடும் என்று படுத்திருக்கிறார். அப்போதே கூப்பிட்டிருந்தால் காலையில் அந்தப் பதற்றமே இருந்திருக்காது.

இதில் பெட்ரோல் வண்டியைவிட மோசமான ஒரு குணம் உண்டு. பெட்ரோல் வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பேட்டரி தளர ஆரம்பித்தாலே காலையில் இழுத்து இழுத்துச் சுற்றும், காதாலேயே கேட்கலாம், ஒரு மாதம் முன்பே சொல்லிவிடும். மின்சாரக் காரில் ஸ்டார்ட்டரே இல்லை. கம்ப்யூட்டர் விழிக்கவும் கான்டாக்டர் மூடவும் சில ஆம்பியர் போதும், அதனால் பாதி செத்த பேட்டரிகூட நேற்று வரை நன்றாக வேலை செய்யும், இன்று காலை ஒரேயடியாகப் படுத்துவிடும். பல வண்டிகளில் முன்னறிவிப்பே வராது. நம் ஊர் வெயிலில் இந்த பேட்டரிக்கு மூன்று, நான்கு வருடம்தான் ஆயுள். மூன்று முடிந்ததும் வருடத்துக்கு ஒருமுறை லோடு டெஸ்ட், அதாவது கரண்ட் இழுத்துப் பார்க்கும் சோதனை, செய்யச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். வெறும் வோல்டேஜ் பார்த்துவிட்டு "நல்லாருக்குங்க" என்று சொன்னால் விடாதீர்கள்.

அந்தப் பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? சிங்கப்பூரிலிருந்து தினமும் காலையும் மாலையும் மொபைல் ஆப்பைத் திறந்து வண்டியில் சார்ஜ் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்திருக்கிறார். பிள்ளையைப் போல வைத்திருக்கிறார், பாவம். ஒவ்வொரு முறையும் ஆப் கூப்பிடும்போது தூங்கும் வண்டியின் கம்ப்யூட்டர்கள் விழித்து, சில நிமிடம் 12 வோல்ட்டைக் குடித்துவிட்டுத்தான் மறுபடி தூங்கும். கடைசி நான்கு நாள் ஆப் பதில் சொல்லவில்லை, நெட்வொர்க் இல்லை என்று நினைத்துக்கொண்டாராம். அன்றைக்கே பேட்டரி போய்விட்டது.

முன் கண்ணாடியில் மாட்டும் டேஷ்கேம் கேமரா இன்னும் மோசம். நிறுத்திய பிறகும் பதிவு செய்யும்படி நேரடியாக வயர் இழுத்துக் கொடுக்கிறார்கள். கால் ஆம்பியர் எடுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு 6 ஏ.எச். (ஆம்பியர்-மணி). பானெட்டுக்குள் இருப்பது 40, 45 ஏ.எச். பேட்டரி. ஒரு வாரத்தில் காலி. சில வண்டிகள் நிறுத்தியிருக்கும்போதே பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு அவ்வப்போது ஊட்டிக்கொள்ளும், சில செய்யாது, சில பெரிய பேட்டரி இறங்கியிருந்தால் செய்யாது. உங்கள் வண்டி எந்த ரகம் என்று கையேட்டில் பாருங்கள். கையேட்டைத் திறக்காமல் யூடியூப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

வெளியூர் போகிறீர்களா? வீட்டில் இருக்கும் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, வாரம் ஒருமுறை, ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு வரும்படி வண்டியைப் போட்டு ஒரு மணி நேரம் உள்ளேயே உட்காரச் சொல்லுங்கள், அல்லது ஊருக்குள் ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். ரெடியில் இருந்தால் எந்த வண்டியிலும் பெரியது சின்னதற்குச் சார்ஜ் ஏற்றும். ரெடி போடாமல் வெறும் பாட்டு மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பல வண்டிகளில் சின்னதுதான் காலியாகும்.

படுத்துவிட்டால் 12 வோல்ட் பூஸ்டர் மாட்டி எழுப்பலாம், அதுவும் கையேட்டில் காட்டிய இடத்தில். ஆனால் உங்கள் மின்சாரக் காரிலிருந்து பக்கத்து வீட்டு டீசல் வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள். அந்த ஸ்டார்ட்டர் இழுக்கும் ஆம்பியரைத் தாங்கும் ஏற்பாடு இதில் இல்லை. கயிறு கட்டி இழுக்கவே கூடாது. மோட்டாரோடு இணைந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் சுற்றி ஜெனரேட்டராக மாறி உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸைத் தின்றுவிடும். நாலு சக்கரமும் மேலே ஏறுகிற ஃப்ளாட்பெட் வண்டியாகக் கேட்டுக் கூப்பிடுங்கள். நம் தொழில் தம்பிகளுக்கும் ஒன்று: பெரிய பேட்டரியின் கரண்ட் ஓடும் ஆரஞ்சு நிற வயரில் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். படித்துவிட்டு, அந்த வோல்டேஜைத் தாங்கும் கையுறை போட்டுக்கொண்டு தொடுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

ரெடி என்றதும் இதையும் சொல்லியாக வேண்டும். இதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிற விஷயம். நின்றுகொண்டிருக்கும் மின்சாரக் காருக்குச் சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் சில வண்டிகள் டிரைவ் (D) கியரில் அப்படியே நிற்கும், ஊர்ந்து போகாது. அதனால் அணைத்துவிட்டோம் என்றே தோன்றும். போன தீபாவளி சமயத்தில் ஒரு வீட்டில், அப்பா டிரைவில் வைத்தபடியே கேட்டைத் திறக்க இறங்கியிருக்கிறார், பின் சீட்டிலிருந்த ஐந்து வயசுப் பையன் முன்னால் தாவி ஆக்ஸிலரேட்டரில் கால் வைத்துவிட்டான். பெட்ரோல் கார் என்றால் ஒரு உறுமல் கேட்டு அப்பா விலகியிருப்பார். இது சத்தமே இல்லாமல் பாய்ந்தது. அவர் ஒரு அடி தள்ளி நின்றதால் கேட் தூண் மட்டும் போனது. பையனுக்கு உதட்டில் காயம். அந்த அம்மா பட்டறைக்கு வந்து அழுததை நான் மறக்க மாட்டேன். இறங்கும்போது பார்க்கிங், ஹேண்ட்பிரேக், பவர் பட்டன், திரை அணைந்ததா என்று கண்ணால் ஒரு பார்வை. ஒரே ஒரு நிமிட வேலையாக இறங்கினாலும் இதைச் செய்யுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

வீட்டு சார்ஜிங் பற்றி நிறைய எழுதலாம், இப்போது ஒன்றே ஒன்று. வண்டியோடு வரும் சார்ஜர் கேபிளில் ஒரு பெட்டி இருக்கும், எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். பழைய வீடுகளில் இது அடிக்கடி வரும். உடனே யாராவது ஒருவர் வந்து பிளக் பாயிண்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, "பாருங்க, பச்சை வந்துருச்சு" என்று காசு வாங்கிக்கொண்டு போவார். கொலைக்குச் சமம் அது. நியூட்ரல் எங்காவது அறுந்தாலோ, லைன் மாறிப்போனாலோ வண்டியின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும், கீழே ரப்பர் டயர், காலையில் வாசல் தெளித்துவிட்டு ஈரக் காலோடு யாராவது கதவைத் தொட்டால் அவர் வழியாகத்தான் அது பூமிக்குப் போகும். தனி எர்த் குழி போடுங்கள், மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், கரண்ட் அதிகமானால் துண்டிக்கும் எம்சிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. எக்ஸ்டென்ஷன் வயர் போட்ட ஜங்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். "கீசரே ஓடுதுங்களே" என்று வாதாடாதீர்கள், கீசர் கால் மணி நேரம் ஓடும், கார் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அதே கரண்டை விடாமல் இழுக்கும்.

கோடை விடுமுறை வருகிறது, எல்லாரும் ஊட்டிக்குக் கிளம்புவீர்கள். அங்கே லாட்ஜில் ராத்திரி முழுக்க மாட்டி 100 ஆக்கிவிட்டு இறங்காதீர்கள். நிறைந்த பேட்டரியில் திரும்ப வரும் கரண்டை வைக்க இடமில்லை, அதனால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலே வேகம் குறையுமே, அந்தப் பிடிப்பு முதல் சில வளைவுகளில் இல்லாமல் போகும். ஏறும்போது பழகிய கால் ஏமாந்துவிடும். ஊட்டிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் 1,900 மீட்டர் அளவு. ஒன்றரை டன் வண்டி அந்த உயரம் இறங்கும்போது கணக்குக்கு ஏழே முக்கால் யூனிட், அதில் ஒரு நல்ல பங்கு உங்களுக்கே திரும்பி வரும், 80-இல் கிளம்பினாலே ஏராளம். வழியில் பிரேக்கை அவ்வப்போது அழுத்தியும் பாருங்கள். ஊருக்குள் பிரேக்குக்கு வேலையே இல்லாததால் டிஸ்கில் துரு ஏறியிருக்கும், முதல் சில தடவை சரசரவென்று சத்தம் வந்து பிறகு அடங்கும். அடங்காமல் தொடர்ந்தால் குன்னூரிலேயே நிறுத்திக் காட்டிவிட்டு இறங்குங்கள்.