நெகட்டிவ்: எதிர்மறை அன்று, எதிருரு

கும்பாபிஷேக மலர்களிலும், தொன்மையான கோயில்களை முதன்முதலில் படமெடுத்தோரைப் பற்றிய மொழிபெயர்ப்புக் கட்டுரைகளிலும், ‘எதிர்மறைப் படம்’ என்ற தொடர் மட்டக்களப்பில் அடிக்கடி கண்ணிற் படுகிறது. ‘தஞ்சைப் பெரிய கோயிலின் எதிர்மறைப் படங்கள்’ என்று படிக்கும் ஒருவர், கோயிலை இழித்துக் காட்டும் படங்கள் என்றே எண்ணுவார். அங்கே சொல்ல வந்தது நெகட்டிவ்: கமராவில் பதிந்து, ஒளியும் நிழலும் மாறி நிற்கும் மூலப்படம்; அதிலிருந்தே படிகள் அச்சிடப்படும்.

மறுத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையடியிற் பிறந்த இச்சொல்லை, அச்சிட்ட நேரான படத்தைக் குறிக்கும் பொசிட்டிவ் என்பதற்கு இணையாக 1840 ஆம் ஆண்டளவில் ஒளிப்படக்கலைக்குள் கொண்டுவந்தவர் ஆங்கிலேய வானியலாளர் ஜோன் ஹேர்ஷல். சொற்பிறப்பு இவ்வளவே. மொழிபெயர்ப்பாளர் அதன் வேரைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவதுதான் தவறு.

‘எதிர்மறை’ நம் இலக்கணத்தின் சொல். ‘வருவான்’ உடன்பாடு, ‘வாரான்’ எதிர்மறை. அது ஒரு செயல் இல்லை என்கிறது. நெகட்டிவோ எதையும் இல்லை என்பதில்லை. இருப்பதை மாற்றிக் காட்டுகிறது. தஞ்சை விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858 இல் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீள்படமாக்கிய ஆங்கிலேயப் படைஅதிகாரியும் ஒளிப்படக்காரருமான லினேயஸ் ட்ரைப்பின் வேலையைப் பாருங்கள்: நெகட்டிவில் வெயில் விழுந்த கல் கருமையாகவும், எழுத்தின் பள்ளத்து நிழல் வெளிறியும், ஒளியுணர் படலம் பூசிய பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்துகள் இடம்வலம் மாறியும் நிற்கும், ஆயினும் ஓரெழுத்தும் மறுக்கப்படவில்லை. மெழுகூட்டிய தாள் நெகட்டிவ்களில் அவர் நிறம் பூசி முகில் வரைந்ததும் இந்த மாற்றத்தை அறிந்தே: பூசிய இடம் ஒளியைத் தடுக்க, அச்சிட்ட படியில் அது வெண்முகிலாயிற்று.

இலங்கைப் பாடநூல்களின் ‘மறை எண்’ (நெகட்டிவ் எண்), ‘மறையேற்றம்’ (நெகட்டிவ் மின்னேற்றம்) ஆகியவற்றைப் பின்பற்றி ‘மறைப்படம்’ எனலாமே என்பார் உளர். கணிதத்தில் அது செவ்விய சொல்லே. ஆனால் கோயிலைப் பற்றிய எழுத்தில் மறை என்றவுடன் வேதமோ, மறைத்து வைத்த பொருளோதான் நினைவுக்கு வரும்.

ஆகவே எதிருரு என்பதே தகும். ஒலிக்கு எதிரொலி இருப்பதுபோல் உருவுக்கு எதிருரு; ஒளிநிழல் மாற்றம், இடம்வலம் மாற்றம் இரண்டையும் அது தாங்கும், பொசிட்டிவுக்கு நேருரு என்ற இணையையும் தரும். ஸ்டூடியோவில் நெகட்டிவ் என்றே பேசுவதில் எனக்குக் குறையில்லை; பொருள் கெடாத கடன்சொல், பொருள் கெட்ட தமிழாக்கத்தைவிட மேலானது.

இதே எழுத்துகளில் நெகட்டிவைப் ‘படச்சுருள்’ என்று மாற்றும் வழக்கம் இன்னும் மோசமானது. ஆங்கிலேய ஒளிப்படக்காரர் ஜோசப் லோட்டன் 1870–71 இல் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் படமெடுத்தபோது கையாண்டது கண்ணாடித் தகடு. படச்சுருள் பரவலானது 1880களின் பிற்பகுதியிலேதான். லோட்டனின் தகடுகளைக் கண்ணாடி எதிருரு என்றும், ட்ரைப்பின் மெழுகுத்தாள்களைத் தாள் எதிருரு என்றும் பிரித்தே எழுத வேண்டும்.