பில் ரசல் ஒரு பந்தைக்கூடத் தடுக்கவில்லையாம்!

போன மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன் ஒரு எக்செல் கோப்போடு என் மேசைக்கு வந்தான். "அண்ணா, எல்லாக் காலத்துக்கும் சேர்த்து நம்பர் ஒன் யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்" என்றான். அவன் ஒரு கூடைப்பந்துப் பைத்தியம், ராத்திரி முழுக்க என்.பி.ஏ. (அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) பார்த்துவிட்டுக் காலையில் கண் சிவந்து வேலைக்கு வருகிறவன். நான் புள்ளியியலில் பிழைப்பு நடத்துகிறவன், சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

கோப்பு பார்க்க அழகாகத்தான் இருந்தது. புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (எதிராளியின் ஷாட்டைத் தடுப்பது), ஷாட் சதவீதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுத்துப் பெருக்கிக் கூட்டிக் கடைசியில் ஒரே ஒரு மதிப்பெண். மேலிருந்து படித்துக்கொண்டே வந்தேன். ஜோர்டான், லெப்ரான், யோக்கிச், சேம்பர்லைன்... ஒரு திரை முழுக்கத் தாண்டியும் பில் ரசலைக் காணோம். பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் 13 சீசன் ஆடி அதில் 11 சாம்பியன் பட்டம் வாங்கிய மனிதர் எழுபத்துச் சொச்சமாவது இடத்தில், எனக்குப் பெயர்கூடச் சட்டென்று நினைவுக்கு வராத இரண்டு பேருக்கு நடுவில் கிடந்தார்.

அவருடைய வரியைப் பிடித்து வலப்பக்கம் நகர்த்தினேன். பிளாக்: 0. ஸ்டீல்: 0.

கூடைப்பந்தில் தற்காப்பு என்றால் என்ன என்று மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடத் தடுக்கவில்லையாம். நடந்தது இதுதான்: பிளாக், ஸ்டீல் இரண்டையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான். ரசல் 1969லேயே ஓய்வு பெற்றுவிட்டார். பையன் இறக்கிய தரவில் அந்தக் கட்டங்கள் காலியாக இருந்திருக்கின்றன. சூத்திரம் முரண்டு பிடித்ததால் காலியாக இருந்த இடத்திலெல்லாம் மொத்தமாக 0 போட்டுவிட்டான், வேலை முடிந்தது.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, நானும் இதைச் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மருத்துவமனைத் தரவு ஒன்றில் பரிசோதனை செய்யாதவர்களின் சர்க்கரை அளவை 0 என்று எண்ணிச் சராசரி போட்டு, அந்த ஊரில் நீரிழிவே இல்லை என்கிற மாதிரி ஓர் அறிக்கை தயாரித்தவன் நான். எண்ணவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. இணையத்தில் நீங்கள் பார்க்கும் ஆல் டைம் பட்டியல்களில் பல இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன, ஆனால் கோப்பைத் திறந்து காட்ட மாட்டார்கள் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

1961-62 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். வில்ட் சேம்பர்லைன் ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி. ஆஸ்கர் ராபர்ட்சன் சீசன் முழுக்க ட்ரிபிள் டபிள் சராசரி, அதாவது மூன்று கணக்கிலும் இரட்டை இலக்கம்: 30.8 புள்ளி, 12.5 ரீபவுண்ட், 11.4 அசிஸ்ட். ரசல் வெறும் 18.9 புள்ளி. அந்த வருடம் எம்.வி.பி. என்கிற சீசனின் சிறந்த வீரர் விருது யாருக்கு? ரசலுக்கு. அப்போது ஓட்டுப் போட்டது பத்திரிகையாளர்கள் இல்லை, வீரர்கள். அதாவது ரசலுக்கு எதிரே நின்று ஷாட் போட முயன்று, பந்து தன் கையிலிருந்து எங்கே போனது என்று திரும்பிப் பார்த்தவர்கள். நம் கோப்பில் காலியாக இருக்கும் கட்டத்தில் என்ன இருந்தது என்று நேரில் பார்த்த சாட்சிகள் அவர்கள்தான்.

"அதுக்குத்தானே அண்ணா அட்வான்ஸ்ட் ஸ்டேட்ஸ்?" என்றான் பையன். நியாயமான கேள்விதான். ஆனால் மேம்பட்ட கணக்கும் அதே அடிப்படை ஆட்டக் கணக்குத் தாளிலிருந்துதான் வருகிறது, வானத்திலிருந்து குதிப்பதில்லை. ஒரு வீரரால் அணிக்கு எவ்வளவு லாபம் என்று மதிப்பிடும் பாக்ஸ் பிளஸ் மைனஸ் என்ற அளவீடு 1973-74லிருந்துதான் கிடைக்கும், அதில் ரசல் என்று ஓர் ஆளே கிடையாது. அணியின் வெற்றிகளில் ஒவ்வொருவர் பங்கைச் சொல்லும் வின் ஷேர்ஸ் என்ற அளவீடு பழைய சீசன்களுக்கு இருக்கிறது, ஆனால் தற்காப்புப் பங்கை அணியின் மொத்தத் தற்காப்பிலிருந்து மதிப்பிட்டு வீரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. அந்தப் பிரிப்பில் ரசல் எல்லாக் காலத்துக்கும் முதலிடம்! ஒரே ஆள், ஒரு கணக்கில் எழுபத்துச் சொச்சம், ஒரு கணக்கில் ஒன்று, ஒன்றில் ஆளே இல்லை. எதை நம்புவது என்பதற்கு முன்னால் எது எதிலிருந்து செய்யப்பட்டது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

சரி, எண்ணிய விஷயங்களையாவது அப்படியே ஒப்பிடலாமா என்றால் அதுவும் முடியாது. ஆஸ்கரின் அந்த ட்ரிபிள் டபிள் சீசனுக்கு அப்புறம் அதை மறுபடி செய்தவர் ரசல் வெஸ்ட்புரூக், 2016-17ல்: 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட். எண்கள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. ஆனால் 1961-62ல் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் ஏறக்குறைய 108 ஷாட் எடுத்தது, அதில் 43 சதவீதம்கூட உள்ளே போகவில்லை. தவறியவை மட்டும் 62. 2016-17ல் 85 ஷாட், தவறியவை 46. ஷாட் தவறினால்தான் ரீபவுண்ட். ஆஸ்கரின் 12.5ஐ 46 ஆல் பெருக்கி 62 ஆல் வகுத்தால் 9.3 கிட்ட வரும், டபிள் போயே போச்சு. அதோடு ஆஸ்கர் ஆட்டத்துக்கு 44 நிமிடம் ஆடினார், வெஸ்ட்புரூக் 35கூட இல்லை. நிமிடத்தையும் சமன் செய்தால் 7.3 என்று நிற்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டு "பழைய ஆட்களுடையதெல்லாம் அந்தக் கால ஆட்ட வேகத்தால் ஊதிப் பெருத்த எண்கள்" என்று பதிவு போடுகிறவர்கள் நிறையப் பேர். பொறுங்கள். அசிஸ்ட் கொடுப்பதில் அந்தக் காலத்து ஸ்கோரர்கள் (அரங்கில் கணக்கு எழுதுகிறவர்கள்) இன்றைக்கு இருப்பவர்களைவிடக் கையிறுக்கமானவர்கள். இன்று பாஸ் வாங்கியவர் பந்தை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டுப் போட்டாலும் பெரும்பாலும் அசிஸ்ட் எழுதிவிடுகிறார்கள். ஆகவே ரீபவுண்டில் கழித்தால் அசிஸ்டில் கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது? அதற்கு எந்தத் தாளிலும் எண் இல்லை, இங்கேயும் காலிக் கட்டம். அப்புறம் நிமிடம்: சேம்பர்லைன் அந்த சீசனில் சராசரி 48.5 நிமிடம் ஆடினார், ஆட்டமே 48 நிமிடம்தான், கூடுதல் நேரமும் சேர்ந்ததால் அப்படி. உட்காராமல் ஆடியதை "நிமிடத்துக்கு இவ்வளவு" என்று வகுத்துச் சமன் செய்யும்போது அந்த மனிதரின் உடம்பையே கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறோம்.

ஷாட் திறனுக்கு ட்ரூ ஷூட்டிங் என்று ஒன்று இருக்கிறது. இரண்டு புள்ளி, மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ எல்லாவற்றையும் சேர்த்து, முயற்சிக்கு எவ்வளவு தேறுகிறது என்று சொல்லும். எனக்குப் பிடித்த அளவீடு, ஏனென்றால் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். சேம்பர்லைனின் 50 புள்ளி சீசன் 53.6 சதவீதம் வரும். 2023-24ல் என்.பி.ஏ.வின் சராசரியே 58. அப்படியானால் சேம்பர்லைன் இன்றைய சராசரி வீரரைவிட மட்டமா? அவருடைய லீகின் சராசரி 47.9 என்பதைப் பக்கத்தில் வைத்தால்தான் அவர் தன் காலத்தைவிட 5.7 மேலே இருந்தார் என்று தெரியும். 2015-16ல் ஸ்டெஃபன் கறி 66.9, லீக் சராசரி 54.1, வித்தியாசம் 12.8. இப்போது ஒப்பிட ஏதோ கொஞ்சம் பிடி கிடைக்கிறது. அதிலும் மூன்று புள்ளிக் கோடே 1979-80ல்தான் வந்தது என்பதை மறக்கக் கூடாது, 1962ல் கறி அதே இடத்திலிருந்து போட்டிருந்தால் இரண்டுதான். சராசரி என்பதும் யாரை வைத்துப் போட்டது என்று கேளுங்கள்: 1950 வரை அந்த லீகில் கறுப்பின வீரர் ஒருவர்கூட ஆடவில்லை, அந்தச் சராசரியைத் தாண்டுவதும் இன்றைய சராசரியைத் தாண்டுவதும் ஒரே உயரம் இல்லை.

இதுவரை சொன்னது எண்ணாத கணக்கும் காலம் மாறிய கணக்கும். எண்ணும் விதத்திலேயே ஒரு சங்கதி உண்டு. மைக்கேல் ஜோர்டான் 1987-88ல் சிறந்த தற்காப்பு வீரர் விருது வாங்கினார், அந்த சீசனில் அவருக்கு 259 ஸ்டீல். அதை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் சொந்த அரங்கில் 165, வெளியூரில் 94. பிளாக் சொந்த அரங்கில் 84, வெளியூரில் 47. ஆட்டங்கள் இரண்டு பக்கமும் சமம், 41, 41. சொந்த ஊரில் எவருக்குமே கொஞ்சம் கூடுவது இயல்புதான், ஆனால் இது கொஞ்சம் இல்லை. அரங்கில் உட்கார்ந்து எண்ணுகிறவர் உள்ளூர் அணி ஏற்பாடு செய்யும் ஆள் என்பதை மனத்தில் வையுங்கள். ஜோர்டான் பெரிய தற்காப்பு வீரர் இல்லை என்று நான் சொல்லவில்லை (சொன்னால் பையன் என்னோடு பேச மாட்டான்). பந்து விரலில் பட்டதா, எதிராளி தானாகவே தவறவிட்டாரா என்று ஒரு நொடியில் முடிவெடுத்துப் பென்சிலால் கோடு போட்ட ஒரு மனிதர் எல்லாச் சூத்திரத்துக்கும் அடியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

ஆகவே எவராவது ஒற்றை மதிப்பெண்ணோடு வந்து நின்றால் நான் முதலில் சூத்திரத்தைப் பார்ப்பதில்லை. அந்த வீரரின் காலத்தில் எந்தெந்தக் கட்டம் காலி, அதில் இவர் என்ன நிரப்பினார் என்று கேட்பேன். பதில் சொல்லத் தடுமாறினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

பையனுடைய கோப்பை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து பிரித்தோம். இப்போது அதில் மூன்று ஷீட்: 1973க்கு முந்தையது, 1973லிருந்து 1996 வரை, ஒவ்வொரு நகர்வும் வரிசையாகப் பதிவான 1996-97க்குப் பிந்தையது. பூஜ்ஜியங்களையெல்லாம் அழித்து மஞ்சள் பூசினோம், முதல் ஷீட்டைத் திறந்தால் பாதி மஞ்சளாகத்தான் இருக்கிறது. மூன்றாவதுதான் அவனுக்குப் பிடித்தது, யார் களத்தில் இருக்கும்போது அணி எப்படி ஆடியது என்று நொடிக்கணக்கில் பார்க்கலாம். திறந்ததும் முதல் வேலையாக ஜோர்டானைத் தேடினான். இருந்தார், 33 வயதிலிருந்து.