படகைப் போர்த்தாதீர்கள், கூரை போடுங்கள்

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தாத்தாமார் காலத்தில் பேராக் ஆற்றில் ரப்பர் ஷீட் ஏற்றிப் போன மரப்படகு கோயிலுக்குப் பக்கத்தில் நீல கேன்வஸ் போர்த்திக் கிடந்தது. காட்சிக்கு வைக்க ஒரு கொட்டகை போட்டுத் தரவேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கேன்வஸைத் தூக்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. படகின் முன்முனையான அணியத்துப் பலகையில் ஸ்க்ரூடிரைவர் முனையை லேசாக அழுத்தினேன். புட்டில் விரல் இறங்குவதுபோல் இறங்கியது. அதுவும் உறுதிக்குப் பேர்போன செங்கால் மரம்!

"நனையக்கூடாதுன்னுதான் தம்பி மூடி வெச்சோம்" என்றார் பெரியவர் ஒருவர். மனசு கஷ்டமாகிவிட்டது. மரத்தில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேல் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அந்த கேன்வஸ் வெளியே விடவில்லை.

சிலர் கண்ணாடிக் கூண்டு கேட்கிறார்கள். நம் வெயிலில் இரவும் பகலும் ஏர்கான் ஓடாவிட்டால் அது அடுப்புதான். சுவர் வேண்டாம், நல்ல கூரை போதும். மேற்கு வெயிலுக்கு மட்டும் இடைவெளி விட்ட பலகைத் தட்டி.

கூரை வெளியே நீளும் இறவாரத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன்பு நான் போட்ட ஒரு கொட்டகையில் இரண்டடியோடு நிறுத்திவிட்டேன். சாய்ந்து வந்த சாயங்கால மழை படகின் விளிம்பை நனைத்துக்கொண்டே இருந்தது. இப்போது நாலடிக்குக் குறைத்து வரைவதில்லை. தூணை மண்ணில் புதைக்கவும் மாட்டேன். கான்கிரீட் பீடத்தில் தூணின் அடியைப் பிடிக்கும் துத்தநாகம் பூசிய இரும்புக் காலணி வைத்துத் தூக்கி நிறுத்தினால் கரையான் ஏறும் தடம் கண்ணுக்குத் தெரியும். கெம்பாஸ் பலமான மரம்தான், ஆனால் மருந்து ஏற்றாமல் வாங்கவே வாங்காதீர்கள்.

எல்லாரும் கூரையைப் பற்றியே கேட்கிறார்கள், தாங்கியைப் பற்றிக் கேட்பதில்லை. ஆற்றில் படகை அடி முழுக்கத் தண்ணீர் தாங்கியது. கரையில் இரண்டே கட்டை மேல் ஏற்றினால் முனைகள் தொங்கும், நடு முதுகு வளையும், பலகை இணைப்புகள் வாய் பிளக்கும். 1628இல் மூழ்கி 1961இல் மேலே வந்த சுவீடனின் வாசா கப்பலுக்கே, அருங்காட்சியகத்துக்குள் இருந்தும், புதிய தாங்கிகள் தேவைப்பட்டன. அடிக்கட்டை நெடுக நெருக்கமாகக் கட்டைகள் வைத்து, உள்ளே விலாச்சட்டம் வரும் இடங்களில் வெளியே அணைகொடுங்கள். அளவெடுத்த பிறகே தூண்களுக்கு இடம் குறிப்பேன்.

கேன்வஸை அன்றைக்கே எடுக்கச் சொன்னேன். ஆனால் வெயிலில் விடவில்லை. சட்டென்று காய்ந்தால் பலகை வெடிக்கும். தற்காலிகமாக நாலு கம்பம் நட்டு, உயரத்தில் தகரம் போட்டிருக்கிறோம். ஈரமானி 20க்குக் கீழே காட்டிய பிறகுதான் தச்சரை அழைக்கப்போகிறேன்.