ஆணியிலிருந்து ஆணி வரை

அருங்காட்சியகத்துக்கு இரவல் ஓவியம் வந்து சேர்ந்துவிட்டது. லாரியிலிருந்து பெட்டியை இறக்கியாயிற்று, கையெழுத்தும் போட்டாயிற்று. சுவர் தயார், ஆணி தயார், விளக்கு தயார். திறப்பு விழாவுக்குச் சில நாட்கள்தான் இருக்கின்றன. ஆனாலும் யாரும் பெட்டியைத் திறக்கமாட்டார்கள். 24 மணி நேரம் அது மூடியபடியே நிற்கும்.

காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. பிரிஜ்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த தண்ணீர் பாட்டில் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். 20 டிகிரி வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள அறையில், ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் ஏறக்குறைய 8.7 கிராம் நீராவி இருக்கிறது. 9 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. ஆகவே பிப்ரவரிக் குளிரில் விமான நிலையத்தில் கிடந்த பெட்டியை வந்தவுடன் திறந்தால், 350 வயதான வண்ணப்பூச்சின் மேல் பனித்துளி படியலாம். பெட்டியின் உட்புறமும் அறையும் ஒரே வெப்பநிலைக்கு வரும் வரை காத்திருப்பது ஒன்றே வழி. அமைச்சர் வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள் என்றெல்லாம் பெட்டியிடம் சொல்லிப் பயனில்லை.

ஒரு கண்காட்சியின் கால அட்டவணையைப் போடுவது மேலாளர் என்று நினைக்கிறோம். பாதியைப் போடுவது மரம், துணி, பசை, காற்று.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2023இல் நடத்திய வெர்மீர் கண்காட்சியை எடுத்துக்கொள்வோம். டெல்ஃப்ட் நகரத்து ஓவியர் யோஹான்னஸ் வெர்மீர் 1632இல் பிறந்து 1675இல் இறந்தவர். இன்று அவருடையவை என்று அந்த அருங்காட்சியகம் எண்ணுவது 37 ஓவியங்கள்தான். அவற்றில் 28ஐ ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். அதுவரை இவ்வளவு வெர்மீர்களை எவரும் ஒன்றுசேர்த்துக் காட்டியதில்லை. ரைக்ஸ்மியூசியத்துக்குச் சொந்தமானவை நான்கு. மீதி 24ம் இரவல்.

கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு நகையைக் கேட்பது போன்ற வேலை இது. நகைக்காரர் முதலில் கேட்பது, “எங்கே வைப்பீர்கள்?” என்பதுதான். இரவல் கேட்கும் அருங்காட்சியகம் தன் கட்டடத்தைப் பற்றியே ஒரு முழு அறிக்கை கொடுக்க வேண்டும்: எத்தனை காவலர்கள், தீயணைப்பு எப்படி, குளிரூட்டி நின்றுபோனால் மாற்று என்ன, சரக்கு லிஃப்டின் வாசல் எத்தனை அகலம், கடந்த ஓராண்டு ஈரப்பதம் எப்படி ஏறி இறங்கியது. இதைப் படித்து, பொறுப்பை எழுத்தில் வாங்கிக்கொள்பவர் ரெஜிஸ்ட்ரார். சுவரில், ஓவியங்களைத் தேர்ந்தெடுத்துக் கண்காட்சியை அமைக்கும் கியூரேட்டர் பெயர் இருக்கும், ரெஜிஸ்ட்ரார் பெயர் பெரும்பாலும் இருக்காது. என் கணக்கில் கண்காட்சி என்பது அவர் நடத்துவதுதான்.

வராத ஒன்பது ஓவியங்களின் கதை வந்தவற்றின் கதையைவிடச் சுவையானது. பாஸ்டனின் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் இருந்த ‘இசைக் கச்சேரி’ 1990 மார்ச் 18 அன்று திருடுபோனது, இன்னும் கிடைக்கவில்லை. வியன்னாவின் ‘ஓவியக் கலை’ பயணத்தைத் தாங்காத அளவுக்கு நலிந்திருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள ‘உறங்கும் பணிப்பெண்’ வேறு வகைச் சிக்கல்: உயில் எழுதிக் கொடுத்தவர், ஓவியங்கள் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று நிபந்தனை வைத்துவிட்டார். செத்துப்போனவரிடம் யார் போய்ப் பேசுவது!

அதிர்ஷ்டமும் உண்டு. நியூயார்க்கின் ஃப்ரிக் கலெக்‌ஷன் என்ற அருங்காட்சியகம் தன் மாளிகையைப் புதுப்பிப்பதற்காக மூடியிருந்தது. சாதாரண நாளில் வெளியே வராத அதன் மூன்று வெர்மீர்களும் கப்பலேறாமல் விமானமேறி வந்தன. புகழ்பெற்ற ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்திலிருந்து வந்தது, ஆனால் மார்ச் இறுதி வரைதான். கண்காட்சி ஜூன் 4 வரை. அவளைப் பார்க்கவே மௌரிட்ஸ்ஹவுஸுக்கு மக்கள் வருகிறார்கள் என்பதால், வீட்டை வெகுநாள் வெறுமையாக விட அவர்களுக்கு மனமில்லை.

சரி, கொடுக்கச் சம்மதித்துவிட்டார்கள். அடுத்தது காப்பீடு. சந்தை விலைக்குக் காப்பீடு எடுத்தால் பிரீமியமே கண்காட்சியை விழுங்கிவிடும். அதனால் பல நாடுகளில் அரசே பொறுப்பேற்கிறது. அமெரிக்கா 1975இல் இதற்கென்றே சட்டம் போட்டது. பொறுப்பு எங்கிருந்து தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு இந்தத் தொழிலில் ஒரு பழைய சொல்வழக்கு உண்டு: ஆணியிலிருந்து ஆணி வரை. உரிமையாளரின் ஆணியிலிருந்து ஓவியத்தைக் கழற்றும் நொடியில் தொடங்கி, திரும்ப அதே ஆணியில் மாட்டும் நொடி வரை.

வழியில் சட்டமும் குறுக்கே வரலாம். வியன்னாவின் லியோபோல்ட் அருங்காட்சியகம் நியூயார்க்குக்கு அனுப்பிய, எகோன் ஷீலே வரைந்த ‘வாலி’ என்ற பெண்ணின் உருவப்படம் 1998இல் வழக்கில் மாட்டிக்கொண்டது. நாஜிகள் காலத்தில் யூதப் பெண்மணி ஒருவரிடமிருந்து பறிக்கப்பட்டது அது என்பது வாரிசுகளின் வாதம். 2010இல் 1.9 கோடி டாலர் கொடுத்து உடன்பாடு செய்த பிறகே ஊர் திரும்பியது. சில மாத இரவல் பன்னிரண்டு ஆண்டுகள் நீண்டது. இதனால்தான், ‘எங்கள் நாட்டில் இருக்கும்வரை யாரும் இதைக் கைப்பற்ற மாட்டார்கள்’ என்ற அரசு உறுதிமொழியை இப்போது பலரும் முன்கூட்டியே கேட்கிறார்கள்.

இனி பெட்டிக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

கேன்வாஸ் ஓவியம் என்பது ஒரே பொருள் அல்ல. மரச்சட்டம், அதில் இழுத்துக் கட்டிய லினன் துணி, துணியில் தடவிய விலங்குப் பசை, மேலே சுண்ணக் கலவை, அதன் மேல் எண்ணெய் வண்ணம், கடைசியில் வார்னிஷ். ஈரப்பதம் மாறினால் இவை ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு அசையும். காற்று வறண்டால் பசை சுருங்கி இழுக்கும். ஈரம் மிகுந்தால் பிடியை விடும். மூன்று நூற்றாண்டு காய்ந்து இறுகிய வண்ணத்துக்கோ வளையத் தெரியாது. அது விரிசல் விடும், பிறகு செதில் செதிலாகக் கழன்று விழும்.

பெட்டிக்குள் குளிரூட்டி இல்லை, மின்சாரம் இல்லை. பிறகு எப்படி ஈரப்பதம் மாறாமல் இருக்கிறது? மூடிய டப்பாவில் வெறும் காற்று மட்டும் இருந்தால், குளிரும்போது ஈரப்பதம் சட்டென ஏறும். உள்ளே மரமும் துணியும் அட்டையும் நெருக்கமாக அடைந்திருந்தால் கதை வேறு. அவை கூடுதல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், குறைந்தால் திருப்பித் தரும். காற்று கொஞ்சம், மரம் நிறைய என்பதுதான் தந்திரம். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு உப்பி இறுகிக்கொள்வதும் இதே குணத்தால்தான். அங்கே எரிச்சல், இங்கே பாதுகாப்பு.

அப்புறம் அதிர்வு. இழுத்துக் கட்டிய கேன்வாஸ், பறையின் தோல் மாதிரி. லாரியின் குலுங்கலோடு அதன் இயல்பான அதிர்வு ஒத்துப்போனால், துணி முன்னும் பின்னும் படபடக்கும். ஓவியத்தின் முதுகில் ஒரு பலகையைப் பொருத்திவிட்டால் போதும், இடையில் அடைபட்ட காற்று மெத்தையாகி அந்தத் துடிப்பை அடக்கிவிடும். சுற்றிலும் நுரைப் பொதி. அது மெல்லியதாக இருந்தால் அதிர்ச்சி உள்ளே வரும், மிகக் கடினமாக இருந்தாலும் வரும். ஓவியத்தின் எடைக்குத் தக்க தடிமனைக் கணக்குப் போட்டுத்தான் வெட்டுவார்கள்.

பெட்டியோடு கூரியர் என்று ஒரு ஆள் வருவார். கடிதம் கொடுக்கும் கூரியர் அல்ல, கடன் கொடுத்த அருங்காட்சியகத்தின் ஊழியர். சரக்குக் கிடங்கில் பெட்டியைத் தட்டில் கட்டுவதை நின்று பார்ப்பார். திறக்கும்போது பக்கத்திலேயே இருப்பார். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் அடித்து, புறப்படும் முன் எடுத்த படத்தோடு ஒவ்வொரு விரிசலையும் ஒப்பிட்டு, புதிதாக ஒன்றும் இல்லை என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான் ஓவியம் சுவருக்குப் போகும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் இதை இலவச வெளிநாட்டுப் பயணம் என்பார்கள். பாதி ராத்திரியில் சரக்கு முனையத்தில் கால் கடுக்க நின்றவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

சுவரும் சும்மா இல்லை. புதிய பெயின்ட், ஒட்டுப்பலகை, பசை, துணி எல்லாமே கொஞ்ச காலம் ஆவியை விட்டுக்கொண்டிருக்கும். மரப்பலகையிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்துவிடும். எந்தப் பொருள் ஆபத்து என்று கண்டுபிடிக்க, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1970களில் ஒரு சோதனையைக் கொண்டுவந்தார். பொருளின் ஒரு துண்டோடு வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளைக் கொஞ்சம் தண்ணீர் வைத்த குழாயில் அடைத்து, 60 டிகிரியில் 28 நாள் விட்டுவிட வேண்டும். தகடு கறுத்தாலோ அரிக்கப்பட்டாலோ அந்தப் பொருள் காட்சிப் பெட்டிக்குள் போகக் கூடாது. துணியின் நிறம் பிடிக்கவில்லை என்று வடிவமைப்பாளர் கடைசி நேரத்தில் மாற்றினால், அந்த 28 நாளும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்.

விளக்கைப் பொறுத்தவரை, எண்ணெய் ஓவியங்கள் 150 முதல் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை தாங்கும். காகிதமும் பட்டும் 50 லக்ஸோடு சரி. ஒளியின் சேதம் சேர்ந்துகொண்டே போவது, ஆறுவதில்லை. நாளுக்கு 8 மணி நேரம், 50 லக்ஸில், 90 நாள் தொங்கும் நீர்வண்ண ஓவியம் வாங்கும் மொத்த ஒளி, கணக்குப்படி, உச்சி வெயிலில் இருபது நிமிடம் வைத்ததற்குச் சமம். அதனால்தான் அதன் பிறகு அது பல ஆண்டுகள் இருட்டில் ஓய்வெடுக்கிறது.

கடைசியில் மக்கள் வருகிறார்கள், எல்லாவற்றையும் கலைக்கிறார்கள். சும்மா நிற்கும் மனிதர் ஒருவர் பழைய குண்டு பல்பு அளவுக்கு, சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். மூச்சிலும் வியர்வையிலும் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீரும் சேர்கிறது. நூறு பேர் நின்றால் 10 கிலோவாட் ஹீட்டரும், மணிக்கு 5 லிட்டர் தண்ணீரும் அறைக்குள் வந்த மாதிரி. நேரம் குறித்த டிக்கெட் கூட்ட நெரிசலுக்காக மட்டும் அல்ல, குளிரூட்டியின் கொள்ளளவுக்காகவும்தான். வெர்மீர் கண்காட்சி திறந்த சில நாட்களிலேயே சுமார் 4,50,000 டிக்கெட்டுகளும் தீர்ந்தன. இரவு நேரத்தை நீட்டி, கூடுதலாகக் கொஞ்சம் விற்றார்கள். 115 நாளில் 6,50,000 பேர் பார்த்தார்கள். வெர்மீர்கள் பெரும்பாலும் சிறியவை. பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்திலிருந்து வந்த ‘சரிகை பின்னும் பெண்’ கால் மீட்டர் உயரம்கூட இல்லை. ஒரே சமயத்தில் ஏழெட்டுப் பேர்தான் உருப்படியாகப் பார்க்க முடியும். 28 ஓவியங்களைப் பத்து அறைகளில் தாராளமாகப் பரப்பி வைத்தது அதனால்தான் அழகாக இருந்தது என்று நான் நினைக்கிறேன். சுவர் காலியாக இருந்தால் பணம் வீண் என்று கணக்கர் சொல்லியிருக்கலாம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில விஷயம் கைக்குள் வராது. 1995 நவம்பர் 12இல் வாஷிங்டனின் தேசியக் கலைக்கூடம் 21 வெர்மீர்களோடு கண்காட்சியைத் திறந்தது. இரண்டே நாளில் பட்ஜெட் தகராறில் அமெரிக்க அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன, கலைக்கூடமும்தான். டிசம்பரில் மறுபடி மூடல். ஜனவரியில் பனிப்புயல். உலகின் பாதிக்கு மேற்பட்ட வெர்மீர்கள் பூட்டிய கட்டடத்துக்குள் சரியான ஈரப்பதத்தில் பத்திரமாக இருந்தன, பார்க்கத்தான் ஆளில்லை.

கண்காட்சி நடக்கும் மாதங்களில் காலிப் பெட்டிகள் எங்கே? அவற்றைக் கொல்லைப்புறத்தில் போட முடியாது. ஈரமான கிடங்கில் கிடந்த மரம் அந்த ஈரத்தைக் குடித்து வைத்திருக்கும், திரும்பும் வழியில் ஓவியத்தின் மேல் கக்கும். ஆகவே வெறும் பெட்டிக்கும் குளிரூட்டிய அறை, பெயர்ச்சீட்டு, அடுக்கும் முறை. பிரித்துக் கட்டும் நாளுக்கு முந்தைய நாளே அவற்றைக் கூடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இந்த முறை பெட்டி ஓவியத்துக்காக 24 மணி நேரம் காத்திருக்கும்.