சிற்றலை: பெட்டியில் எழுதியிருக்கும் எஸ்.டபிள்யூ

யாழ்ப்பாணத்தில் றேடியோ வாங்கப் போகிற வயதான ஒருவர் கடையில் முதலில் கேட்பது "தம்பி, இது சோட்வேவ் பிடிக்குமோ?" என்றுதான். "ஓம் ஐயா, எஸ்.டபிள்யூ ஏழு இருக்கு" என்று பதில் வரும். கேள்வியும் சரி, பதிலும் சரி. ஆனால் பெட்டியைப் பற்றி அவருக்கு இன்னும் ஒன்றுமே தெரியவில்லை. எஸ்.டபிள்யூ என்பது சோட்வேவின் சுருக்கம். அந்த ஏழு அலைவரிசைகள் எவை, அவை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சோட்வேவுக்கு எழுத்துத் தமிழில் உள்ள சொல் சிற்றலை. கொழும்பு ஒலிபரப்பும் லண்டன் தமிழோசையும் சொல்லிச் சொல்லியே காதுக்குப் பழக்கிய சொல் அது. 10 முதல் 100 மீற்றர் வரை நீளமுள்ள வானொலி அலைகளை இது குறிக்கும். மீடிறன் கணக்கில் சொன்னால் 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ். மீடிறன் எங்கள் பௌதிகவியல் பாடப்புத்தகங்களின் சொல், மீள் என்பதும் திறன் என்பதும் சேர்ந்து வந்தது. தமிழ்நாட்டில் இதையே அதிர்வெண் என்பார்கள்.

சிறுமை + அலை என்பதில் 'மை' கெட்டு, றகரம் இரட்டித்துச் சிற்றலை ஆகிறது. சிற்றூர், சிற்றுண்டி எல்லாம் இதே வழியில் வந்தவைதான். புணர்ச்சியில் குறையில்லை, பொருளில்தான் ஒரு நெருடல். சிறுமை பருமனைச் சொல்வது, குறுமை நீளத்தைச் சொல்வது. இங்கே பேச்சு அலையின் நீளத்தைப் பற்றியது. குற்றெழுத்துக்கு எதிரே நெட்டெழுத்து நிற்பதுபோல, நெட்டலைக்கு எதிரே நிற்கவேண்டியது குற்றலை. அந்தச் சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏன் ஒருவரும் அதைத் தொடவில்லை என்பது விளங்கிவிடும். குற்றம் சுமந்த சொல்லை அறிவிப்பாளர் தினமும் எப்படி வாசிப்பார்? சிற்றலையே இருக்கட்டும்.

எதைவிடச் சிறியது என்ற கேள்வி மிஞ்சுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடுந்தூரச் செய்திக்கு ஆயிரக்கணக்கான மீற்றர் நீள அலைகளையே நம்பியிருந்தார்கள். 200 மீற்றருக்குக் கீழே உள்ளவை எதற்கும் உதவாதவை என்று கருதி, அமெரிக்காவின் 1912ஆம் ஆண்டுச் சட்டம் பொழுதுபோக்கு வானொலிக்காரரை (ஹாம்) அங்கே ஒதுக்கிவிட்டது. ஒதுக்கப்பட்டவர்கள் 1923இல் ஏறத்தாழ 110 மீற்றரில் அத்திலாந்திக்கைக் கடந்து இருவழியாகத் தொடர்புகொண்டார்கள். மார்க்கோனியும் அதே காலத்தில் இந்தப் பக்கம் திரும்பினார். சிற்றலை என்ற பெயரில் உள்ள சிறுமை அந்தக் காலத்து அளவுகோலுக்கு உரியது. இன்று வீட்டுக்கு வீடு பாடும் எஃப்.எம். 100 மெகாஹேர்ட்ஸில் வந்தால் அதன் நீளம் 3 மீற்றர்தான். சிற்றலையில் மிகச் சிறியதுகூட அதைவிட மூன்று மடங்குக்கு மேல் நீண்டது.

எஃப்.எம்.முக்குப் பண்பலை என்று பெயர் வைத்ததில் எனக்கு உடன்பாடு இல்லை. பண்பேற்றம் என்பது குரலை அலைமேல் ஏற்றும் வேலை. அலையின் வீச்சை மாற்றியும் ஏற்றலாம், மீடிறனை மாற்றியும் ஏற்றலாம். சிற்றலை ஒலிபரப்பிலும் நடுவலை (மீடியம்வேவ்) ஒலிபரப்பிலும் நடப்பது வீச்சுப் பண்பேற்றம். அப்படிப் பார்த்தால் எல்லாமே பண்பலைதான். 'சிற்றலையா பண்பலையா' என்று கேட்பது நீளத்தையும் ஏற்றும் முறையையும் ஒரே தட்டில் வைப்பது.

ஒலிபரப்பாளர் 'மீற்றர்' என்று சொல்வது அலைநீளத்தை. 300ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் அது கிடைக்கும். 12 மெகாஹேர்ட்ஸ் என்றால் 25 மீற்றர். 6 என்றால் 50, அதைச் சுற்றியுள்ளதைத்தான் 49 மீற்றர் வரிசை என்கிறோம். 9.4 முதல் 9.9 வரை 31 மீற்றர் வரிசை. 15.1 முதல் 15.8 வரை 19 மீற்றர். இந்தக் கணக்கு தெரிந்தவர் கடைக்காரரிடம் எண்ணிக்கை கேட்கமாட்டார். அளவுகோடு எந்த மெகாஹேர்ட்ஸில் தொடங்கி எங்கே முடிகிறது என்று பெட்டியைத் திருப்பிப் பார்ப்பார். 5.9 முதல் 18 வரை இருந்தால் வீட்டில் கேட்பதற்குப் பெரும்பாலும் போதும்.

அளவுகோட்டின் இரண்டு முனையும் தேவைப்படுவதற்குக் காரணம் வானத்தில் இருக்கிறது. தரையிலிருந்து 200, 300 கிலோமீற்றர் உயரத்தில் உள்ள அயன் மண்டலத்தில் சிற்றலை வளைந்து வளைந்து கீழே திரும்புகிறது, ஒரே தாவலில் மூவாயிரம் கிலோமீற்றரும் போகும். பகலில் இதற்குக் கீழே வேறொரு படை உருவாகி, நீளமான சிற்றலைகளை விழுங்கிவிடும். பொழுதுபட்டதும் அது மறையும். அதனால் பகலில் 19, 16 மீற்றரும், இரவில் 49, 41, 31 மீற்றரும் கைகொடுக்கும். தாவும் அலைக்கு இன்னொரு குணமும் உண்டு. கிட்ட உள்ளவரை அது கண்டுகொள்ளாது. கொழும்பிலிருந்து 16 மீற்றரில் புறப்படுவது யாழ்ப்பாணத்தின் தலைக்கு மேலால் போய் எங்கோ தூரதேசத்தில் இறங்கும். இடையில் விடுபடும் நிலப்பரப்பைத் தாண்டல் வலயம் என்று சொல்லலாம்.

பெட்டிக்கு எந்தச் சொல்லைச் சொல்வது? ஆங்கிலத்தில் றிசீவர். எங்கள் உயிரியல் பாடத்தில் புலன் வாங்கி உண்டு, ஆகவே வானொலி வாங்கி என்பது முறையான ஆக்கம். ஒலிவாங்கி என்பது மைக்குக்குப் போய்விட்டதால் அதைக் கேட்டவுடன் மேடை நினைவுக்கு வருகிறது. வழக்கில் உள்ள வானொலிப்பெட்டியே நல்ல சொல். 1990களில் மின்சாரமும் இல்லாமல் பற்றறிக்கும் தடையிருந்தபோது, சைக்கிள் சில்லைச் சுற்றி டைனமோவால் ஓடவைத்ததும் இந்தப் பெட்டியைத்தான். சுற்றுகிற கை சோர்ந்தால் செய்தியும் சோர்ந்துவிடும்.

முள் ஓடும் மலிவான பெட்டிகளில் ஒரே நிலையம் இரண்டு இடத்தில் கேட்கும். 9.500இல் இருப்பது 8.590இலும் பேசும். பெட்டி உள்ளே எல்லாவற்றையும் 455 கிலோஹேர்ட்ஸுக்கு மாற்றிக் கேட்பதால், அதன் இரட்டிப்பான 910 தள்ளி ஒரு போலி தோன்றுகிறது. இதை விம்பம் என்பார்கள். நிலையம் நிறையக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து வாங்குகிறவர் உண்டு, கிடைத்ததில் கொஞ்சம் இந்த விம்பம். இரண்டு முறை மாற்றும் பெட்டியில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. இலக்கத்தில் மீடிறனைக் காட்டும் பெட்டி என்றால் 9.500 என்று அடித்து நேரே போகலாம், சிற்றலை நிலையங்கள் 5 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் நிற்பதால் தேடுவதும் சுலபம். ஒற்றைப் பக்கப்பட்டை (எஸ்.எஸ்.பி.) வசதி, டெக்சன் பி.எல்-330 பெட்டியில் இருப்பதுபோல, பொழுதுபோக்கு வானொலிக்காரரின் பேச்சைக் கேட்க ஆசையிருந்தால்தான் தேவை. செய்திக்கும் பாட்டுக்கும் அதற்காக மேலதிகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

எந்தப் பெட்டியானாலும் போன் சார்ஜருக்கும் எல்.ஈ.டி. குமிழுக்கும் பக்கத்தில் வைத்தால் இரைச்சல்தான் கேட்கும். சூரியகலத்தோடு வரும் இன்வேட்டரும் அப்படியே. பற்றறியில் ஓடவிட்டு விறாந்தைக்குக் கொண்டுபோங்கள். எட்டுப் பத்து மீற்றர் வயரை முற்றத்து வேம்பில் கட்டி, மறுமுனையை அன்ரெனாவில் கவ்வவிட்டால் வித்தியாசம் தெரியும். மாரியில் இடி முழங்கும்போது அதைக் கழற்றிவிட வேண்டும்.

எதைக் கேட்கப் போகிறோம் என்பதையும் காசு கொடுக்க முன் யோசிக்க வேண்டும். தமிழோசை 2017 ஏப்ரலோடு சிற்றலையில் நின்றுவிட்டது, மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியும் 2018இல் நின்றது. 1963இல் தொடங்கிய சீன வானொலியின் தமிழ்ச் சேவை போன்ற சில உண்டு. பிறமொழிகளில் கேட்க விருப்பமுள்ளவருக்கு இன்னும் நிறையக் கிடைக்கும். தமிழ் மட்டும் போதும் என்கிறவருக்கு எஸ்.டபிள்யூ ஏழும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இலங்கையை நோக்கி 1053 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பும் தூத்துக்குடி வானொலி நடுவலைக்காரன், அலைநீளம் 285 மீற்றர். நடுவலை நன்றாக எடுக்கும் சாதாரணப் பெட்டியே அதற்குப் போதும்.