எஸ்.டி.ஆர். பணம் நின்றுபோனால் ஒய்.பி. கடிதம் உதவாது

பினாங்கு மாநிலப் பிறையில் ஒரு சட்டமன்ற உறுப்பினரின் (ஒய்.பி.) சேவை மையத்தில் சனிக்கிழமைகளில் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கிறேன், சம்பளம் கிடையாது. எஸ்.டி.ஆர். எனும் மலேசிய அரசின் ரொக்க உதவி நின்றுபோய், "ஒய்.பி. ஒரு லெட்டர் குடுத்தா காசு வந்துடும்னாங்க" என்று பஸ் பிடித்து வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு. வராது. எஸ்.டி.ஆர். கூட்டரசின், அதாவது மத்திய அரசின் பணம். மாநிலச் சட்டமன்றத்துக்கு அதில் கை கிடையாது. விண்ணப்பம், திருத்தம், முறையீடு எல்லாமே எல்.எச்.டி.என். எனும் வருமான வரி வாரியத்தில்தான்.

2025 கணக்குப்படி குடும்ப வருமானம் மாதம் 2,500 ரிங்கிட்டுக்குள் இருந்தால், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து வருடத்துக்கு 1,000 முதல் 2,500 ரிங்கிட் வரை. 2,501 முதல் 5,000 வரை என்றால் அதில் பாதி. துணையில்லாத முதியவர்களுக்கு 600. ஆள் மாட்டிக்கொள்வது இந்தக் கணக்கில் இல்லை, வேறு இடங்களில்.

சம்பளக் கட்டத்தில் பலர் ஈ.பி.எஃப். எனும் சேமநிதி பிடித்ததுபோகக் கைக்கு வருவதை எழுதுகிறார்கள். கேட்பது பிடித்தத்துக்கு முந்தைய மொத்தச் சம்பளம், அதுவும் கணவன் மனைவி இருவருடையதும் சேர்த்து. புருஷன் விட்டுப்போய் ஆறு வருடமாகியும் கோர்ட்டில் விவாகரத்து ஆகாத பெண்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். பதிவில் அவள் இன்னும் மனைவி. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி எடுபடாது, தாள் வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு விட்டவர்களுக்கு இதைவிடத் தலைவலி: 1982 மார்ச் 1 முதல் பதிவுத் திருமணம் கட்டாயம் என்பது பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்கப் போகும்போதுதான் பலருக்குத் தெரியவருகிறது. பத்திரங்களை முதலில் சரி செய்யுங்கள், பாரம் அப்புறம்.

"போன வருஷம் வந்துச்சே, இந்த வருஷமும் தானா வரும்" என்று இருந்துவிடாதீர்கள். பழைய பெறுநர் மறுபடி விண்ணப்பிக்கத் தேவையில்லை என்பது உண்மைதான், ஆனால் வீட்டில் எதுவுமே மாறாதவரைக்கும்தான். குழந்தை பிறந்தாலும், வேலை போனாலும், கணவர் இறந்தாலும் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டியின் கதை: விண்ணப்பம் தாத்தா பெயரில், தாத்தா போய்விட்டார், வங்கிக் கணக்கு முடங்கியது. வங்கி 'வரி ஆபீஸுக்குப் போங்க' என்றது, அங்கே கவுண்டரில் 'வங்கிக் கடிதம் கொண்டு வாங்க' என்றார்கள், வங்கியில் அந்த மாதிரிக் கடிதமே நாங்கள் தருவதில்லை என்றார்கள். நான்கு நாள், நான்கு பஸ். கடைசியில் இறப்புப் பத்திரத்தோடு தன் பெயரில் புதிதாக விண்ணப்பித்தார். அதை முதல் நாளே யாராவது ஒருவர் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

அதனால் கவுண்டரில் என்ன சொன்னாலும் தேதி, அதிகாரி பெயர் இரண்டையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பம் அனுப்பியதும் திரையைப் படம் பிடித்து வையுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் சொந்தப் பெயரில், உயிரோடு இருக்கிறதா பாருங்கள். மகன் கணக்கைக் கொடுத்தால் பணம் ஏறாது. கைப்பேசி எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும், கடைக்காரத் தம்பியின் எண் வேண்டாம்.

சிவப்பு ஐ.சி., அதாவது குடியுரிமை இல்லாத நிரந்தரவாசி அட்டை, வைத்திருப்பவர்களுக்கு எஸ்.டி.ஆர். கிடையாது. இங்கேயே பிறந்து இங்கேயே நரைத்தவர்களிடம் இதைச் சொல்லுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வீண் அலைச்சல் வேண்டாமே.

சேவை மையம் உதவக்கூடியது பினாங்கு மாநிலத்தின் சொந்த உதவித்தொகைத் திட்டமான ஐ-செஜாத்தெராவுக்கு. முதியவர்கள், தனித்து வாழும் தாய்மார்கள், ஊனமுற்றோர் எல்லாம் அதில் வருவார்கள். அங்கேயும் ஒரு பொறி உண்டு: வாக்காளர் பதிவு பினாங்கில் இருக்க வேண்டும். இருபது வருடமாகப் பட்டர்வொர்த்தில் குடியிருந்துகொண்டு ஓட்டு மட்டும் பக்கத்துக் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியில் என்றால் நடக்காது.

அப்புறம் சாரா எனும் அடிப்படைப் பொருளுதவி. அது ரொக்கம் இல்லை. மைகார்டு எனும் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவுபெற்ற கடையில் அரிசி, எண்ணெய் மாதிரி அனுமதித்த சாமான் வாங்குவது. பதிவுபெற்ற கடையிலும் எல்லாச் சாமானுக்கும் செல்லாது, கூடையை நிரப்பும் முன்பே கேட்டுவிடுங்கள். சிப் தேய்ந்திருந்தால் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை, தேசியப் பதிவுத் துறையில் கார்டை மாற்றுங்கள். "ஐ.சி.யை வச்சுட்டுப் போங்க, நூறு வெள்ளி சாராவுக்கு எழுபது வெள்ளி கையில தர்றேன்" என்பவரிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள், முப்பது ரிங்கிட் போவதோடு முடிகிற விஷயம் இல்லை அது. வாட்ஸ்அப்பில் வரும் "உங்கள் எஸ்.டி.ஆர். தயார், இங்கே அழுத்தவும்" லிங்க்கும் அதே ரகம். வங்கிக் கடவுச்சொல்லை அரசாங்கம் கேட்காது.